இன்றைய தேதி போட்ட பக்கம்

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு எபனேசரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். திங்கட்கிழமை என்றால் எங்களுக்கு ரிப்போர்ட் நாள். போன வாரம் கம்பெனி வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கு பத்து மணிக்குள் முதலாளி மேசைக்குப் போய்விட வேண்டும். அதனால் எடுத்த எடுப்பிலேயே, "என்னங்க எபி, இன்னும் ஸ்டேஷன்லயேதான் நிக்கறீங்களா? உங்களுக்கு ரிப்போர்ட் நெனப்பே இல்லீங்களா?" என்று கடிந்துகொண்டேன். பேசியது அவர் மனைவி ஜெசி. "அக்கா, அவிய எறந்துட்டாவக்கா" என்றாள். காலை ஆறு மணிக்கு முன்பே ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது முப்பத்தெட்டு.

கம்பெனி கேன்டீனில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தபோது, கூட வேலை பார்த்தவள் என்று என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "எபி ரொம்ப நல்லவருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் அழுதார்கள். கம்பெனி ஹாஸ்டல் வார்டன் அம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். துக்கத்தில் எனக்கு வாய் வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது துக்கம் மட்டுமில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

எபனேசர் உடன்குடிப் பக்கத்துக்காரர். திருப்பூருக்கு டெய்லராக வந்தார். எங்கள் கம்பெனியில் பனியனுக்குக் கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தார். நான் அப்போது மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு சாம்பிள் அனுப்புவது, பதில் வராவிட்டால் மறுபடி மெயில் போடுவது, அதற்கும் பதில் வராவிட்டால் முதலாளியிடம் திட்டு வாங்குவது, இதுதான் என் பிழைப்பு. ஒரு நாள் டீ டைமில் பார்த்தால், இந்த ஆள் தன் போனை நூல் கோன் மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு பனியனின் கழுத்தை இரண்டு கையாலும் இழுப்பதும் விடுவதுமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, கம்பெனிச் சரக்க இப்படிப் பிச்சுப் போடறீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "பிய்யலியேக்கா. அதத்தான் காட்டுதேன்" என்றார். அந்த வீடியோவை எங்கோ ஒரு மொத்த வியாபாரி பார்த்துவிட்டு மறு வாரம் கம்பெனிக்குப் போன் செய்தார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சாம்பிள் ரூமுக்குப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டுக் கொடுத்து, இனி இதுதான் உங்கள் டிபார்ட்மென்ட் என்று சொல்லிவிட்டார். வெப்சைட்டுக்கு ஆட்களை வரவைப்பது எபியின் வேலை. வந்தவர்களை அளந்து சொல்வது என் வேலை. அவர் எழுதித் தருவார், நான் ஏற்றுவேன். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. முதலாளி வைத்த முறை அது.

என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் நான் பல்லடத்துக்காரி. தெருவில் போகிற பிள்ளையைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிட வரும். முதல் மாதம் முழுக்க அவர் இதற்காக என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்தாராம். "எங்கூர்ல அக்காமாரு திடீர்னு இப்படி மரியாதயாப் பேசுனா, ஏதோ பெருசா கோவத்துல இருக்காவன்னு அர்த்தம்" என்று பிறகு சொன்னார். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தால் ‘ங்க’ இன்னும் இரண்டு கூடும் என்பதையும் அவரே கண்டுபிடித்து, செக்கிங் செக்‌ஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் பேச ஆரம்பித்தால் அந்தப் பெண்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். நாங்கள் அவ்வளவு சிரித்துக்கொண்டு இருந்தவர்கள்தான்.

முதலாளிக்கு கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் ரிப்போர்ட்டின் முதல் தாளில் இருக்கும் கோடு தெரியும். வருகிறவர்கள் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். திங்கட்கிழமை அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏனம்மிணி, கோடு மேல போகுதா?" போகிறது என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல நாள். எபி அந்தக் கோட்டைப் பார்க்கவே மாட்டார். அவர் படிப்பது ரிப்போர்ட்டின் கடைசித் தாள். நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நெட்டில் என்ன எழுதித் தேடினார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். அதை அவர் வீட்டுக்கு வந்த கடிதம் போல வாய்விட்டுப் படிப்பார். ‘திருப்பூர் பனியன் கிலோ விலை.’ ‘குழந்தை டிரஸ் மொத்தமாக எங்கே வாங்கலாம்.’ இடையிடையே வேறு மாதிரியும் வரும். ‘திருப்பூரில் தங்கும் இடத்தோடு வேலை.’ ‘பெண்களுக்குப் பயமில்லாத கம்பெனி.’ ‘நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திருப்பூரில் வேலை தருவார்களா.’ இப்படி ஒன்று வந்தால் அவர் குரல் இறங்கிவிடும். "அக்கா, நீங்க இத விசிட்டுன்னு சொல்லுதிய. இது எண்ணு இல்லக்கா. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. பையத் தூக்கிட்டு எங்க போகன்னு தெரியாம நிக்க ஆளு" என்பார். நான் அதையும் எண்ணாகத்தான் கூட்டிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த அந்தப் பக்கத்தை அவர் எழுதியது ஆர்டர் குவிந்துகிடந்த காலத்தில். கம்பெனி வேன் வாசலில் காலையும் மாலையும் ஆள் கொட்டியது. அப்படியும் ஆள் போதவில்லை. வேலை தேடுகிறவர்களுக்காக ஒரு பக்கம் போடலாமா என்று எபி கேட்டார், முதலாளி சரி என்றார். வேறு யாராவது எழுதியிருந்தால் ‘ஆட்கள் தேவை, உடனே அணுகவும்’ என்று நாலு வரியில் முடித்திருப்பார்கள். எபி நாலு நாள் எழுதினார். எந்த ரயில் விடிகாலையில் வந்து சேரும், ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், எந்த பஸ் ஏற வேண்டும், புரோக்கர் வந்து பேசினால் என்ன சொல்ல வேண்டும், ஆதார் அட்டையின் நகலை மட்டும் கொடு, ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதே, ஹாஸ்டலில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது வரை இருந்தது. தான் முதல் நாள் வந்து இறங்கியபோது யாரும் சொல்லாததையெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் தன் சொந்தப் போன் எண்ணைப் போட்டு, ‘வழி தெரியவில்லை என்றால் கூப்பிடுங்கள், எடுப்பேன்’ என்று முடித்திருந்தார். தெக்கத்தி ஊர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் அதைப் போட்டார். கோடு ஏறியது பாருங்கள், நான் அளக்க ஆரம்பித்த பிறகு அப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்ததில்லை. முதலாளி சந்தோஷத்தில் ஆளுக்கொரு டின் ஊத்துக்குளி நெய் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் ஏற்றம் நின்றது. அங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். பக்கத்தின் மேலே எபி எழுதிய தேதி இருந்தது. பழைய தேதியைப் பார்த்தால் வருகிறவர்கள் உடனே வெளியே போய்விடுகிறார்கள். தேடும்போதும் புதிய தேதி போட்ட பக்கங்கள்தான் முன்னால் வருகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். யார் எப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அன்றைய தேதி தானாக வந்து உட்காரும். ‘இன்று புதுப்பிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் தெரியும். கால் மணி நேர வேலை. மறுநாள் எபி பார்த்துவிட்டு, "நான் இன்னைக்கி ஒண்ணும் எழுதலியேக்கா" என்றார். "இது எல்லாரும் பண்றதுதானுங்க. தப்பில்லீங்க" என்றேன். ‘ங்க’ இரண்டு கூடியதை அவர் கவனித்திருப்பார். மேற்கொண்டு கேட்கவில்லை. கோடு மறுபடி ஏறியது.

அப்புறம் வெளிநாட்டு ஆர்டர் நின்றது. ஏன் நின்றது என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஓவர்டைம் போனது. பிறகு வாரத்துக்கு நாலு நாள் வேலை, பிறகு மூன்று நாள் என்றானது. மிஷின்களுக்குத் துணி போட்டு மூடினார்கள். கம்பெனி வேன் பாதி காலியாக வந்து போனது. ஆனால் என் ரிப்போர்ட்டில் கோடு இறங்கவில்லை, முன்னைவிட வேகமாக ஏறியது. எனக்கே முதலில் விளங்கவில்லை. கடைசித் தாளைப் பார்த்துவிட்டு எபிதான் சொன்னார். "ஊரெல்லாம் வேல போகுதுக்கா. வேல போனவிய எல்லாரும் வேல தேடுதாவ. நம்ம பக்கம் முன்னால நிக்கி. இன்னைக்கித் தேதியோட நிக்கி." அந்த மாதம்தான் எங்கள் வெப்சைட்டுக்கு அதுவரை இல்லாத கூட்டம் வந்தது. தையல் ஹாலில் விளக்குகூடப் போடவில்லை.

அன்றே எபி கேட்டார். பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றார். அதற்கு முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றேன். இருவரும் போய் நின்றோம். முதலாளி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் இருந்த ரிப்போர்ட்டைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து, கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "என்ற கம்பெனில இப்ப மேல போறது இது ஒண்ணுதான் அம்மிணி. வெளிநாட்டுப் பையரோட ஏஜென்ட் அடுத்த மாசம் வர்றாரு. அவருக்குக் காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்குது? இதையும் எடுத்துப்போட்டா நான் எதைக் காட்டுவேன்?" என்றார். வந்துகொண்டிருப்பவர்கள் பனியன் வாங்குகிறவர்கள் இல்லை, வேலை தேடுகிறவர்கள் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைக் காட்டும் கடைசித் தாளை நான் அவருக்குக் கொடுத்ததே இல்லை. கோடு உள்ள தாளை மட்டும் கொடுத்தேன். எபி சொல்ல வாயெடுத்தபோது நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

வெளியே வந்ததும் எபி தன் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டார். "சரிக்கா, பக்கம் இருக்கட்டும். அந்தத் தேதிய மட்டும் எடுத்துருங்க. இல்லன்னா மேல ஒரு வரி போடுங்க, இப்போ வேல இல்லன்னு." கால் மணி நேரத்தில் போட்டதை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதலாளிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கோடு விழும். விழுந்தால் திங்கட்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும். டெய்லர் மிஷினையே துணி போட்டு மூடுகிற கம்பெனியில், கோடு விழுந்த பிறகு எங்கள் இரண்டு மேசையை யார் வைத்திருப்பார்கள்? என் மகள் கல்லூரியில் கடைசி வருடம். "ஏஜென்ட் வந்துட்டுப் போகட்டுங்க, எடுத்துடலாமுங்க" என்றேன். ஏஜென்ட் வருவது தள்ளிப்போனது. எபி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் அடுத்த மாதம் என்றேன். பயம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

அவர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். அதே ஃபேஸ்புக் குழுக்களில், ‘திருப்பூரில் இப்போது வேலை இல்லை, தயவுசெய்து வராதீர்கள்’ என்று எழுதிப் போட்டார். நான்தானே அளப்பவள், அதையும் பார்த்தேன். அதைப் பார்த்தவர்களை எண்ண ஒரு கை போதும். "வேல இருக்குன்னா ஊரு பூரா அனுப்புதாவ. இல்லன்னு சொன்னா ஒருத்தரும் அனுப்ப மாட்டேங்காவக்கா" என்றார். அப்படியானால் பக்கத்தில் இருக்கும் உங்கள் எண்ணையாவது எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். எண் இருந்தால் கிளம்பும் முன் கூப்பிடுவார்கள், தடுத்துவிடலாம். இல்லாவிட்டால் நேரே வந்து இறங்கிவிடுவார்கள். கூப்பிடுகிறவர்களிடம் வராதீர்கள் என்று சொன்னார். கேட்காமல் ரயில் ஏறிவிட்டவர்களிடம் எந்த ரயில், எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொண்டு, விடிகாலையில் ஸ்டேஷனில் போய் நின்றார். டீ வாங்கிக் கொடுத்து, நிலைமையைச் சொல்லி, திரும்புகிற ரயில் எப்போது என்று பார்த்துச் சொல்வார். பிறகு ஆபீஸுக்கு வந்து என் பக்கத்து மேசையில் உட்காருவார். கண் இரண்டும் செவசெவ என்றிருக்கும். ஒரு நாள்கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு முறை நானும் போனேன். "ஒரு நாள் வந்துதான் பாருங்களேன்" என்று அவர் கூப்பிட்டதற்காகப் போனேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. கணவன், மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பிளாஸ்டிக் சாக்கில் கேஸ் அடுப்பைக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். அடுப்பைப் பார்த்ததும் எபிக்கு முகம் மாறிவிட்டது. பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள் அடுப்பைக் கொண்டுவர மாட்டார்கள். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். "வேல இல்லம்மா. போன்லயே சொன்னேனே" என்றார் எபி. அந்தப் பெண் கோபப்படவில்லை. இவர் ஏதோ தெரியாமல் சொல்கிறார், நாம் எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்கிற மாதிரி தன் போனைத் திறந்து நீட்டினாள். "இல்ல சார், நீங்க பாக்கல போல. இங்க பாருங்க, இன்னைக்கித் தேதி போட்டுருக்கு. காலைலதான் போட்டுருக்காங்க" என்றாள். பச்சை எழுத்தில் அன்றைய தேதி இருந்தது. எபி போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அது அடுப்பின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தது. இதைப் போட்டவள் இதோ நிற்கிறாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். "அது மிஷின் போடுத தேதிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாக்கைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் இரண்டு வாரம் எபியின் வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை வீடு. ஜெசி முகம் சுளிக்கவில்லை. எபி அந்தக் கணவனைப் பல்லடத்தில் விசைத்தறிக்குக் கூட்டிப்போனார், அங்கும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கோழிப் பண்ணை ஒன்றில் கேட்டுவிட்டு வந்தார். ஒரு நாள் மதியம் ஜெசி தேவாலயத்துக்குப் போயிருந்தபோது அவர்கள் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். பாரமாக இருக்கிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ. அடுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போன் அணைந்து கிடந்தது. அதற்குப் பிறகு எபி தினமும் டீ டைமில் அந்த எண்ணை ஒரு முறை கூப்பிடுவார். காதில் வைப்பார், எடுப்பார், மேசையில் வைப்பார். நான் ரிப்போர்ட்டைப் பார்ப்பது போல இருப்பேன். "நெஞ்சுல என்னமோ அடைச்சாப்ல இருக்குக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். "டாக்டர்கிட்டப் போங்க" என்றேன். போகச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. கூட்டிப்போகத் தோன்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவர் யாரைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். ரயில் அரை மணி தாமதம் என்பதால்தான் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் இறங்கி, ஆளைக் காணாமல், அவருடைய எண்ணைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெசி அதை எடுத்தாள். "வந்துட்டோம் சார், எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார்களாம். அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

உடலை அவர் சொந்த ஊருக்கே கொண்டுபோனார்கள். வேன் கிளம்பிப் போனதும் நான் நேரே ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தேன். பாஸ்வேர்டைப் போட்டேன். பக்கம், தேதி, எல்லாவற்றையும் எடுத்தேன். நான்கு நிமிடம் ஆனது. மறு வாரம் ரிப்போர்ட்டில் கோடு கிணற்றில் விழுந்தது போல விழுந்திருந்தது. முதலாளி அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் எடுத்துட்டனுங்க. வந்தவங்க எல்லாம் வேலைக்கு வந்தவங்க. பனியன் வாங்க யாரும் வரலீங்க. எனக்கு முன்னமே தெரியுமுங்க" என்றேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். "அப்படீங்களா" என்றார். அம்மிணி என்று கூப்பிட்டு வாய் ஓயாத மனிதர், என்னிடம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்த நான்கு நிமிடத்துக்கு எபி நாலு மாதம் என்னிடம் கெஞ்சினார். நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை.

எடுத்துவிட்டதால் அது போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எபி எழுதியது அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால் யார் யாரோ அதை வரி மாறாமல் எடுத்து, தங்கள் வெப்சைட்டில் போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒருவர் வாசித்து வீடியோவாகவே போட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் எபியின் எண் இருக்கிறது. சிலர் என் தேதி வித்தையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், தன் பக்கத்துக்கு அதனால்தான் ஆட்கள் வருகிறார்களாம். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. தூக்கிப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாத இடம் இந்த நெட். அது தெரிந்தேதான் போட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று சொல்ல வேண்டும். அவர் பேச்சு மிஞ்சியிருக்கிறது, ஆனால் அதை நான் அவர் இருந்தபோது கேட்கவில்லை; இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஜெசி ஊரிலிருந்து திரும்பியதும் அவருடைய போனை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "இது அடிக்கது எனக்குத் தாங்கலக்கா. அணைக்கவும் மனசு வரல. எடுப்பேன்னுல்லா எழுதி வச்சிருக்காவ" என்றாள். அதைத்தான் வைத்திருக்கிறேன். என் மேசையில் சார்ஜில் கிடக்கிறது. தினமும் அடிக்கிறது. நான் ஸ்டேஷனுக்குப் போவதில்லை; அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. போனை மட்டும் எடுக்கிறேன். சிலர் நான் சொல்வதை நம்புகிறார்கள். பலர் நம்புவதில்லை, இவள் யாரோ, வேலையைத் தன் ஆட்களுக்கு ஒதுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அடித்தது. ஒரு பெண். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது.

"எபனேசர் சார் இருக்காங்களா?"

"இல்லீங்க. சொல்லுங்க."

"வேலைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் கிளம்பிட்டோம் அக்கா. எங்க எறங்கணும்னு கேக்கத்தான்."

"இங்க வேல இல்லீங்க. கிளம்பாதீங்க. டிக்கெட் எடுத்திருந்தாலும் பரவால்லீங்க, ஊட்டுக்குத் திரும்பிப் போயிருங்க."

அந்த ராமநாதபுரத்துப் பெண்ணைப் போலவே, எனக்குத் தெரியாததை எடுத்துச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"இல்லக்கா, இன்னைக்கித் தேதி போட்டுருக்கே."

"அது பொய்யிங்க" என்றேன். "அந்தத் தேதியப் போட்டது நான்தானுங்க."